‘மருந்து எதுவும் எடுப்பதில்லை’: ஒரே தலைவலி, இரண்டு நோய்வரலாறுகள்

பின்னணி

ஒரு பொது மருத்துவ வெளிநோயாளர் பிரிவுக்குத் தலைவலிக்காக வந்த 36 வயதுப் பெண்ணிடம் மூன்று வார இடைவெளியில் இரண்டு முறை நோய்வரலாறு கேட்கப்பட்டது. முதல் முறை கேட்டவன் நான். இரண்டாம் முறை கேட்டவர் என்னிடம் பயிற்சியில் இருந்த, படிப்பை முடித்து ஓராண்டுகூட ஆகாத ஓர் இளம் மருத்துவர். இரண்டு குறிப்புத் தாள்களையும் அருகருகே வைத்துப் படிப்பவர், அவை வெவ்வேறு இருவரைப் பற்றியவை என்றே நினைப்பார். அந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பதையும், அதனால் சிகிச்சை எப்படித் திசை மாறியது என்பதையும் நோயாளியின் ஒப்புதலோடு இங்கே பதிவு செய்கிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

தலைவலியைப் பொறுத்தவரை நோய்வரலாறுதான் பெரும்பாலும் பரிசோதனையின் இடத்தை வகிக்கிறது. மைக்ரேனையோ இறுக்கத் தலைவலியையோ உறுதிப்படுத்தும் இரத்தப் பரிசோதனை கிடையாது. ஸ்கேன் எடுத்தால் வேறு நோய் இல்லை என்று தெரியுமே ஒழிய, இருப்பது எது என்று தெரியாது. 2018-இல் வெளியான பன்னாட்டுத் தலைவலி வகைப்பாட்டின் மூன்றாம் பதிப்பில் இவ்விரு நோய்களுக்கும் தரப்பட்டுள்ள அளவுகோல்கள் எத்தனை முறை வந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, எப்படி வலித்தது, கூடவே என்ன இருந்தது என்று நோயாளியின் வாயிலிருந்து வரவேண்டிய விடைகளாகவே இருக்கின்றன. ஆகவே, கேள்வியில் பிழை இருந்தால் நோயறிதலிலும் பிழை வரும். அதைப் பிடித்துக் கொடுக்க வேறு சோதனை எதுவும் பின்னால் காத்திருப்பதில்லை.

முதல் சந்திப்பு

அவர் உட்கார்ந்ததும், “சொல்லுங்கம்மா, என்ன பிரச்சினை?” என்று கேட்டேன். “சைனஸ் தலைவலி டாக்டர். ரொம்ப வருஷமா இருக்கு. இப்போ கொஞ்ச நாளா…” என்று அவர் தொடங்கினார். அந்த வாக்கியத்தை அவர் முடிப்பதற்குள், “எந்தப் பக்கம் வலிக்குது?” என்று நான் அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். மருத்துவர்கள் நோயாளியின் தொடக்கப் பேச்சைச் சராசரியாக 18 வினாடிகளில் இடைமறிக்கிறார்கள் என்று 1984-இல் ஓர் அமெரிக்க ஆய்வு கண்டறிந்தது. நான் அந்த 18 வினாடிகளைக்கூடக் கொடுக்கவில்லை என்று நினைக்கிறேன்.

அதன் பிறகு நடந்தது கேள்வி பதில்தான். வலி இரண்டு பக்கமும் இருப்பதாகவும், நெற்றியிலிருந்து பின்கழுத்து வரை துணியை இறுக்கிக் கட்டியது போலிருப்பதாகவும் அவர் சொன்னார். வாந்தி வருவதுண்டா என்றதற்கு இல்லை என்றார். வெளிச்சம் கூசுமா என்றேன், இல்லை என்றார். பார்வை மங்குமா என்றேன், அதற்கும் இல்லை. காய்ச்சல், எடைக்குறைவு, தலையில் அடி, வலிப்பு, கைகால் மரத்துப்போதல், இருமினால் கூடும் வலி, நொடியில் உச்சத்துக்குப் போகும் வலி என்று அபாய அறிகுறிகளை வரிசையாகக் கேட்டேன். அனைத்துக்கும் இல்லை என்ற பதிலே வந்தது. கடைசியாக, “வேற எதுக்காவது மருந்து எடுக்குறீங்களா?” என்று கேட்டேன். “மருந்து எதுவும் எடுப்பதில்லை டாக்டர்” என்றார்.

இரத்த அழுத்தம் 128/82 இருந்தது. கழுத்தில் விறைப்பில்லை, கைகால்களின் பலமும் அனிச்சைச் செயல்களும் இயல்பாக இருந்தன. கண்ணின் பின்புறத்தை ஆப்தால்மாஸ்கோப் கொண்டு பார்க்கவில்லை. தலைவலி நோயாளி எவருக்கும் அதைச் செய்ய வேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவன் நான். வெளியே காத்திருந்தவர்களின் எண்ணிக்கையைத் தவிர அன்று அதைச் செய்யாமல் விட்டதற்கு வேறு காரணம் இல்லை. மொத்தச் சந்திப்பும் 11 நிமிடங்களில் முடிந்தது.

முதல் முடிவும் அதன் காரணமும்

இரு பக்க வலி, இறுக்கும் தன்மை, குமட்டலோ வாந்தியோ இல்லை, வெளிச்சம் பாதிக்கவில்லை, மாதத்தில் பாதிக்கும் மேற்பட்ட நாட்கள் வலி என்று தாளில் இருந்ததை வைத்துப் பார்த்தால், நாட்பட்ட இறுக்கத் தலைவலி என்ற முடிவு பிழையானதல்ல. தாளில் இருந்ததுதான் பிழை. சைனஸ் என்ற அவருடைய சொந்த நோயறிதலை நான் ஏற்காதது மட்டும் சரியாக இருந்தது: 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், தமக்கு இருப்பது சைனஸ் தலைவலி என்று தாமே சொன்ன அல்லது மருத்துவரால் அப்படிச் சொல்லப்பட்ட 2991 பேரில் 88 விழுக்காட்டினருக்கு இருந்தது மைக்ரேன் வகைத் தலைவலி என்று தெரியவந்தது. இந்த எண் எனக்கு அன்றே தெரியும். தெரிந்திருந்தும், சைனஸை நிராகரித்த கையோடு மைக்ரேனையும் நிராகரித்தேன் என்பதை இப்போது எழுதும்போது வியப்பாகவே இருக்கிறது.

தலைவலி வராமல் தடுப்பதற்காக இரவில் அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் எழுதினேன். கூடவே, தேவைப்பட்டால் போட்டுக்கொள்ளலாம் என்று பாராசிட்டமாலும் எழுதினேன். ‘தேவைப்பட்டால்’ என்ற அந்தச் சொல்லுக்கு அவர் ஏற்கெனவே எவ்வளவு பெரிய பொருள் வைத்திருந்தார் என்பது எனக்கு அப்போது தெரியாது.

மூன்று வாரங்களுக்குப் பின்

மூன்று வாரம் கழித்து அவர் திரும்பி வந்தார். வலி குறையவில்லை, பகலில் தூக்கம் மட்டும் கூடியிருந்தது. ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்று கேட்டார். அன்று பயிற்சி மருத்துவருக்கு ஒரு நீண்ட நோய்வரலாறு எடுக்கும் பயிற்சி கொடுக்க வேண்டியிருந்தது. நோயாளியின் ஒப்புதலைப் பெற்று, பழைய குறிப்பைப் பார்க்காமல் கேட்டு எழுதிவரும்படி அவரைப் பக்கத்து அறைக்கு அனுப்பினேன். என் நோயறிதலில் ஐயம் தோன்றி நான் செய்த மறுபரிசோதனை அல்ல அது. மருந்தின் அளவைக் கூட்டி எழுதுவதாகத்தான் என் எண்ணம் இருந்தது.

சுமார் 40 நிமிடம் கழித்து அவர் இரண்டு பக்கத் தாளுடனும், நோயாளியின் பையிலிருந்து வாங்கி வைத்திருந்த இரண்டு மாத்திரை அட்டைகளுடனும் வந்தார்.

இரண்டாம் தாளில் இருந்தவை

தலைவலிக்கான கேள்விகளின் வரிசை பாதியிலேயே தனக்கு மறந்துவிட்டது என்று பயிற்சி மருத்துவர் பின்னர் ஒப்புக்கொண்டார். வரிசை மறந்ததால் அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்: “தலைவலி வர்ற அன்னைக்கு என்ன செய்வீங்கக்கா? காலையில எழுந்ததுலேருந்து சொல்லுங்க.” அதற்குப் பிறகு சில நிமிடங்கள் அவர் எதுவும் கேட்கவில்லை.

நோயாளி சொன்னது தாளில் பெரும்பாலும் அவர் சொற்களிலேயே இருந்தது. “எழும்போதே தலை கனமாத்தான் இருக்கும். ஒரு மாத்திரை போட்டுட்டுத்தான் பல்லே தேய்ப்பேன். போடலைன்னா பத்து மணிக்கெல்லாம் பிடிச்சுக்கும். ஆபீஸ்ல கம்ப்யூட்டர் முன்னாடி உட்காரணுமில்ல, அதனால முன்கூட்டியே போட்டுக்குவேன்.” அப்படியென்றால் மருந்து எடுப்பதில்லை என்று முன்பு ஏன் சொன்னார் என்ற கேள்வி எனக்குத்தான் எழுந்தது, அவருக்கு அதில் முரண்பாடு எதுவும் தெரியவில்லை. மருந்து என்றால் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருத்துவர் எழுதிக் கொடுப்பது. இது, அவர் சொன்னபடி, “சும்மா தலைவலி மாத்திரை”.

அந்த மாத்திரையின் பெயர் அவருக்கு நினைவில்லை, அட்டையின் நிறம்தான் நினைவிருந்தது. பெயரைத் தெரிந்துகொள்வதற்காகவே, பையில் இருந்தால் காட்ட முடியுமா என்று பயிற்சி மருத்துவர் கேட்டிருக்கிறார். பையைக் கவிழ்த்தபோது மேசையில் விழுந்தவை இரண்டு. ஒன்று, பாராசிட்டமாலும் கஃபீனும் சேர்ந்த கூட்டு வலி மாத்திரை, பத்தில் நான்கு மீதி. மாதத்துக்கு எத்தனை அட்டை வாங்குவீர்கள் என்றதற்கு மூன்று, சில மாதம் நான்கு என்றார். எத்தனை நாட்கள் என்று காலண்டரை வைத்து எண்ணியபோது மாதத்தில் சுமார் 18 நாட்கள் அவர் அதைப் போட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பழக்கத்துக்கு எட்டு மாதம் ஆகியிருந்தது. நான் எழுதிக் கொடுத்த பாராசிட்டமாலையும் அதற்கு மேல் சேர்த்திருந்தார்.

மற்றொன்று ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டோஜனும் சேர்ந்த கருத்தடை மாத்திரையின் அட்டை. “இது பீரியட்ஸுக்கு” என்று அவர் உடனே விளக்கம் சொன்னார். அதிக உதிரப்போக்குக்காகவும் கருத்தடைக்காகவும் வேறோர் இடத்தில் எழுதிக்கொடுக்கப்பட்டு, 14 மாதங்களாக அவர் அதைத் தவறாமல் எடுத்துவந்தார். நோய்க்கானது அல்ல என்பதால் அதுவும் அவர் கணக்கில் மருந்தில்லை. இந்த அட்டை வெளியே வந்தது தற்செயல்தான் என்பதைச் சொல்லியாக வேண்டும். முதல் மாத்திரையின் பெயர் நோயாளிக்கு நினைவிருந்திருந்தால் பை திறக்கப்பட்டிருக்காது.

வலியின் தன்மையும் வேறாக இருந்தது. தினசரி இருக்கும் கனத்துக்கு மேலே, மாதத்தில் ஆறேழு நாட்கள் வேறு மாதிரி வலி வருவதாகவும், அன்று “விண்விண்ணு தெறிக்கும்” என்றும், மாடிப்படி ஏறினால் இரட்டிப்பாகும் என்றும் சொல்லியிருந்தார். அந்த நாட்களில் என்ன செய்வார்? “லைட்டை அணைச்சு, ஜன்னலை மூடிட்டுப் படுத்துடுவேன். யாரும் பேசக் கூடாது. எந்த வாசனையும் ஆகாது, வாயில எச்சில் ஊறிக்கிட்டே இருக்கும். வாந்தி மட்டும் வராது.” அப்படி ஐந்து மணி நேரத்திலிருந்து ஒரு முழு நாள் வரை கிடப்பார். அவருடைய தாயாரும் அப்படித்தான் இருட்டறையில் படுத்திருப்பாராம். வெளிச்சம் கூசுமா என்று நான் கேட்டபோது இல்லை என்றவர் இவரே. அவர் பொய் சொல்லவில்லை. வெளிச்சமே இல்லாத அறையில் இருப்பவருக்கு வெளிச்சம் எப்படிக் கூசும்? வாந்தி உண்டா என்றுதான் கேட்டேனே தவிர, குமட்டுமா என்று கேட்கவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

எல்லாவற்றையும்விட முக்கியமான வரி இரண்டாம் பக்கத்தின் நடுவில் இருந்தது. வலிக்கு முன்னால் ஏதாவது தெரியுமா என்ற கேள்விக்கு, “சில தடவை படிச்சுக்கிட்டிருக்கும்போது நடுவுல எழுத்து காணாமப் போகும்” என்று அவர் சொல்லியிருந்தார். கம்ப்யூட்டரைப் பார்த்துப் பார்த்துக் கண் களைத்துவிட்டது என்றே அதுவரை நினைத்திருந்தார். பயிற்சி மருத்துவர் தாளையும் பேனாவையும் கொடுத்து வரைந்து காட்டச் சொன்னார். நோயாளி நடுவில் ஒரு சிறு வட்டம் போட்டு, அதன் ஒரு பக்கத்தில் ரம்பத்தின் பல் போன்ற கோட்டை வளைத்து வரைந்தார். அது மினுங்கும், மெல்ல மெல்ல ஓரத்துக்கு நகரும், இருபது நிமிடத்தில் மறைந்துவிடும், அதன் பிறகு ஒரு பக்கமாகவோ இரண்டு பக்கமுமோ வலி தொடங்கும் என்றார். முதலில் வந்தது 19 வயதில். ஆண்டுக்கு ஒருமுறையோ இரண்டு முறையோ வந்துகொண்டிருந்தது, கடந்த ஓராண்டாக மாதத்துக்கு இரண்டு முறை வருகிறது.

இது மைக்ரேனின் ஆரா, அதாவது வலிக்கு முன்னால் பார்வை போன்ற புலன்களில் தோன்றி மறையும் மாற்றம். பாடநூல் படம் போன்ற ஆரா. உளவியலாளர் கார்ல் லாஷ்லி தமக்கு வந்த ஆராவை இப்படியே தாளில் குறித்து, அந்த மினுங்கும் விளிம்பு நகரும் வேகத்தைக் கொண்டு மூளைப் புறணியில் ஏதோ ஒரு மாற்றம் நிமிடத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வேகத்தில் பரவுகிறது என்று 1941-இல் கணக்கிட்டார். மெல்ல நகர்வதுதான் ஆராவின் அடையாளம். ஐந்து நிமிடமாவது எடுத்துக்கொண்டு பரவுவதும், 5 முதல் 60 நிமிடத்துக்குள் முடிவதும் அளவுகோலில் உள்ளவை. நான் கேட்டது பார்வை மங்குமா என்று. அவருக்குப் பார்வை மங்கவில்லை, மினுங்கியது. ஆகவே என் தாளில் ‘ஆரா இல்லை’ என்று தெளிவான எழுத்தில் இருந்தது.

சேர்த்துப் பார்த்தபோது

ஆராவுடனும் ஆரா இல்லாமலும் வரும் மைக்ரேன் இளமையிலிருந்தே அவருக்கு இருந்திருக்கிறது. அதன் மேல், கூட்டு வலி மாத்திரையை மாதத்தில் 10 நாட்களோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் எடுப்பதால் வரும் மருந்து மிகைத் தலைவலி ஏறியிருந்தது. தனித்த பாராசிட்டமால் போன்ற எளிய வலிநிவாரணியாக இருந்திருந்தால் அந்த வரம்பு 15 நாட்கள். இவர் இரண்டு வரம்பையும் தாண்டியிருந்தார். தினமும் இருந்த அந்த இறுக்கும் கனம், நான் நோயாகக் கருதியது, மாத்திரையின் விளைவாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இவற்றைவிட அவசரமானது மூன்றாவது செய்தி. ஆராவுடன் கூடிய மைக்ரேன் உள்ளவர்களுக்கு இரத்த ஓட்டம் தடைபடுவதால் வரும் பக்கவாதத்தின் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் இரண்டு மடங்கு. ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை அந்த வாய்ப்பை மேலும் கூட்டும் என்பதால், ஆரா உள்ள பெண்ணுக்கு எந்த வயதிலும் அதைக் கொடுக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் தகுதி வரையறை அதை நான்காம் வகையில், அதாவது ஏற்க முடியாத ஆபத்து என்ற வகையில் வைத்திருக்கிறது. இவர் 14 மாதம் அதை எடுத்திருக்கிறார். அந்தக் காலத்திலேயே ஆராவும் கூடியிருக்கிறது. மாத்திரைதான் கூட்டியது என்று ஒரு நோயாளியை வைத்து முடிவு கட்ட முடியாது என்றாலும், காலவரிசை பொருந்தியது.

அபாய அறிகுறிகளை நினைவில் வைத்துக்கொள்ள 2019-இல் வெளியான ‘ஸ்னூப் 10’ பட்டியலில் 15 அம்சங்கள் உள்ளன. நான் முதல் நாளில் கேட்டதெல்லாம் அந்தப் பட்டியலைப் பின்பற்றித்தான். அதில் தலைவலியின் போக்கு அண்மையில் மாறியதா என்பதும் உண்டு. வலிநிவாரணி மிகையாக எடுக்கப்படுகிறதா, தலைவலி தொடங்கிய வேளையில் புதிய மருந்து எதுவும் தொடங்கப்பட்டதா என்பது கடைசி அம்சமாகவே வருகிறது. முதலாவதற்கு “இப்போ கொஞ்ச நாளா…” என்று அவரே விடை சொல்லத் தொடங்கியபோது நான் இடைமறித்தேன். கடைசி அம்சத்துக்கோ, அவருக்குப் பொருந்தாத சொல்லில் கேள்வி கேட்டு, வந்த பதிலைப் பதிவு செய்துவிட்டேன்.

எடுத்த முடிவுகள்

கருத்தடை மாத்திரையை அன்றே நிறுத்தச் சொன்னோம். அட்டை முடியட்டும் என்று காத்திருப்பதற்கு இடமில்லை. ஈஸ்ட்ரோஜன் அளவு சட்டென்று குறைவதே சிலருக்குத் தலைவலியைத் தூண்டும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவைத்தோம். மகப்பேறு மருத்துவருடன் தொலைபேசியில் பேசி, உதிரப்போக்குக்கும் கருத்தடைக்கும் ஈஸ்ட்ரோஜன் இல்லாத மாற்று வழிக்காக அந்த வாரத்துக்குள்ளேயே நேரம் வாங்கினோம்.

அவர் கேட்ட ஸ்கேனைப் பற்றிய என் நிலைப்பாடும் மாறியது. முதல் நாள் கேட்டிருந்தால் தேவையில்லை என்று சொல்லியிருப்பேன். ஆனால் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை எடுக்கும் ஒருவருக்குத் தலைவலி மாறி, தினசரியாக ஆகியிருக்கிறது என்றால், மூளையின் சிரைகளில் இரத்தம் உறைந்திருக்கிறதா என்ற கேள்விக்கு விடை தெரியாமல் அதை மைக்ரேன் என்று விட்டுவிட முடியாது. அன்று கண்ணின் பின்புறத்தைப் பார்த்தேன். பார்வை நரம்பு வட்டில் வீக்கம் இல்லை. நரம்பியல் மருத்துவரிடம் கலந்து பேசி, மூன்று நாட்களுக்குள் சிரைகளையும் சேர்த்து எம்.ஆர்.ஐ. எடுக்கச் செய்தோம். இயல்பாக இருந்தது.

வலி மாத்திரையை எப்போது நிறுத்துவது என்பதில் பயிற்சி மருத்துவருக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இருந்தது. எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்திவிடலாம் என்றார் அவர். ஈஸ்ட்ரோஜன், கஃபீன், வலி மாத்திரை மூன்றும் ஒரே வாரத்தில் விலகினால் வரும் வலியைத் தாங்க முடியாமல் அவர் மீண்டும் அட்டையைத் தேடிப் போவார் என்பது என் கணிப்பு. அவசரம் கருத்தடை மாத்திரையில்தான் இருந்தது. வலி மாத்திரையில் இல்லை. ஆகவே ஸ்கேன் முடிவு வரும் வரை பொறுத்து, நோயாளியையும் அவருடைய கணவரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசி, அலுவலகத்தில் விடுப்பு எடுக்கக்கூடிய ஒரு வாரத்தைத் தேர்ந்தெடுத்தோம். முதல் பத்து நாட்கள் வரை வலி இப்போதைவிட மோசமாகலாம், அது நோய் முற்றியதன் அடையாளம் அல்ல என்பதை எழுதியே கொடுத்தோம். தாங்க முடியாத நாளுக்கு நேப்ராக்சென் என்ற வலிநிவாரணி, வாரத்துக்கு இரண்டு நாளுக்கு மேல் கூடாது என்ற வரம்போடு. ‘தேவைப்பட்டால்’ என்ற சொல்லைத் தவிர்த்தோம்.

தடுப்பு மருந்தாக ப்ரோப்ரனலால் தேர்ந்தெடுத்தோம். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆகாது என்பதால், அதற்கு முன் ஆஸ்துமா உண்டா என்று கேட்க வேண்டும். இந்த முறை ஆஸ்துமா, இழுப்பு, வீசிங், இரவில் மூச்சு வாங்குவது, இன்ஹேலர் என்று தெரிந்த சொற்களையெல்லாம் போட்டுக் கேட்டேன். நோயாளிக்கே சிரிப்பு வந்துவிட்டது. இல்லை என்று உறுதியானதும் 20 மில்லிகிராம் இரு வேளை தொடங்கி, இரண்டு வாரத்தில் 40 மில்லிகிராம் இரு வேளையாக உயர்த்தினோம். பகல் தூக்கம் தந்த அமிட்ரிப்டிலினை நிறுத்தினோம்.

பின்னர் நடந்தவை

வலி மாத்திரையை விட்ட இரண்டாம் நாளிலிருந்து எட்டாம் நாள் வரை அவருக்கு மிகக் கடினமாக இருந்தது. நான்காம் நாள் கணவர் தொலைபேசியில் அழைத்து, ஒரே ஒரு மாத்திரை கொடுக்கலாமா என்று கேட்டார். அந்த வாரத்துக்கான இரண்டு நாட்களில் ஒன்று மீதி இருந்தது. அதைப் பயன்படுத்திக்கொள்ளச் சொன்னோம். ஒன்பதாம் நாள் காலையில், பல ஆண்டுகளில் முதல் முறையாகத் தலை கனமில்லாமல் எழுந்ததாக நாட்குறிப்பில் எழுதியிருந்தார்.

அந்த நாட்குறிப்பில் நாங்கள் கேட்டது மூன்றே தகவல்கள்: வலி இருந்ததா, படுத்துவிட்டாரா, எந்த மாத்திரையானாலும் போட்டாரா. தொடக்கத்தில் மாதத்துக்கு 24 நாட்களாக இருந்த வலி முதல் மாதத்தில் 17 ஆகவும், இரண்டாம் மாதத்தில் 11 ஆகவும், மூன்றாம் மாதத்தில் 6 ஆகவும் குறைந்தது. கருத்தடை மாத்திரையை நிறுத்திய முதல் மூன்று மாதத்தில் ஆரா ஒரே ஒரு முறை வந்தது. ஈஸ்ட்ரோஜன் இல்லாத மாற்றாக லெவோநார்ஜெஸ்ட்ரல் கருப்பைச் சாதனம் பொருத்தப்பட்ட பிறகு உதிரப்போக்கும் கட்டுக்குள் வந்தது.

எல்லாம் நேர்கோட்டில் போகவில்லை. ஐந்தாம் மாதத்தில் வேலைப்பளு கூடியபோது அவர் ஒன்பது நாட்கள் வலி மாத்திரை போட்டிருந்தார். பழைய கூட்டு மாத்திரையேதான். நாட்குறிப்பில் அதை மறைக்காமல் எழுதியிருந்ததால் அடுத்த சந்திப்பிலேயே பேச முடிந்தது. ஆறாம் மாதத்தில் வலி 5 நாட்கள், வலி மாத்திரை 4 நாட்கள். ப்ரோப்ரனலாலால் படியேறும்போது சிறிது களைப்பு இருப்பதாகச் சொல்கிறார், இப்போதைக்குத் தொடர்கிறார்.

நான் மாற்றிக்கொண்டவை

இந்த நிகழ்வை 40 நிமிடம் கொடுத்தால் நல்ல நோய்வரலாறு கிடைக்கும் என்று படிப்பது எளிது. அது முழு உண்மையல்ல. வெளிநோயாளர் பிரிவில் அந்த 40 நிமிடம் கிடைக்கப்போவதும் இல்லை. இரண்டாம் தாளைத் திரும்பப் படித்தால், நோயறிதலை மாற்றிய விடைகள் நான்கு கேள்விகளுக்குள் வந்துவிட்டன. அவற்றுக்குப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. என்னிடம் குறைந்தது நேரமல்ல என்பதை ஏற்றுக்கொள்வதுதான் எனக்குக் கடினமாக இருந்தது.

இப்போது நான் அறிகுறியின் பெயரைச் சொல்லி உண்டா இல்லையா என்று தொடங்குவதில்லை. வலி வரும் நாளில் என்ன செய்கிறார் என்று முதலில் கேட்கிறேன். கூசுகிறதா என்ற கேள்விக்கு இல்லை என்பவரும் விளக்கை அணைப்பதைச் சொல்லிவிடுவார். குமட்டுகிறதா என்ற கேள்விக்குத் தயங்குபவரும் வாசனை ஆகவில்லை என்பதைச் சொல்வார். அடுத்ததாக, தலைவலியே இல்லாத நாள் மாதத்தில் எத்தனை என்று கேட்கிறேன். வலி இருந்த நாட்களை எண்ணச் சொன்னால் பலர் மோசமான நாட்களை மட்டுமே எண்ணுகிறார்கள். சாதாரணக் கனம் அவர்கள் கணக்கில் வலியாக வருவதே இல்லை.

மருந்து என்ற சொல்லை இந்த இடத்தில் கைவிட்டுவிட்டேன். வாயில் போடுவது, ஊசியாகப் போடுவது, மூக்கில் விடுவது, கடையில் நீங்களே வாங்குவது, சத்து மாத்திரை, மாதவிடாய்க்கோ குழந்தை வேண்டாம் என்றோ எடுப்பது என்று தனித்தனியாகக் கேட்கிறேன். வலி மாத்திரையை எண்ணிக்கையால் கேட்காமல் அட்டையால் கேட்கிறேன். ஒரு நாளைக்கு எத்தனை என்றால் குறைத்துச் சொல்பவரும் மாதத்துக்கு எத்தனை அட்டை என்றால் சரியாகச் சொல்லிவிடுகிறார். பையில் இருப்பதைக் காட்டச் சொல்வதைத் தற்செயலுக்கு விடாமல் வழக்கமாக்கியிருக்கிறேன்.

பார்வைக்கும் அப்படித்தான். மங்குமா, இருட்டுமா என்பதோடு, மினுங்குமா, கோடு தெரியுமா, எழுத்தில் ஓட்டை விழுமா, அது நகருமா என்றும் கேட்டு, தாளை நீட்டுகிறேன். வரையத் தெரியாது என்று சொன்னவர்கூட ஒரு கோடாவது போடுகிறார். திடீரென்று வந்ததா என்ற கேள்வியையும் நிறுத்திவிட்டேன்; ஒருவருக்குத் திடீர் என்பது ஒரு நொடி, இன்னொருவருக்கு ஒரு வாரம். வலி தொடங்கியதிலிருந்து உச்சத்துக்குப் போக எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்டால், ஒரு நிமிடத்துக்குள் உச்சம் தொட்ட வலியை, அதாவது மூளைச் சவ்வுக்கடியில் இரத்தக் கசிவை எண்ண வேண்டிய வலியை, மற்றவற்றிலிருந்து பிரிக்க முடிகிறது.

முதல் தாளை நான் மாற்றி எழுதவில்லை. ‘மருந்து: இல்லை. ஆரா: இல்லை’ என்ற வரிகளுக்குக் கீழே, தேதியுடனும் கையொப்பத்துடனும் திருத்தக் குறிப்பு சேர்த்தேன்.

படிவத்தில் இருந்த கேள்வி

கருத்தடை மாத்திரையை முதலில் எழுதிக்கொடுத்த இடத்தில் அவரிடம் தலைவலியைப் பற்றிக் கேட்கவில்லையா என்று விசாரித்தோம். கேட்டிருக்கிறார்கள். நிரப்பச் சொல்லிக் கொடுத்த படிவத்தில் ‘ஒற்றைத் தலைவலி உண்டா?’ என்று ஒரு கேள்வி இருந்திருக்கிறது. தமக்கு வலி இரண்டு பக்கமும் வருவதால் அவர் ‘இல்லை’ என்று குறித்தார். மைக்ரேனுக்குத் தமிழில் நிலைத்துவிட்ட பெயர் அது. மைக்ரேன் உள்ளவர்களில் கணிசமானோருக்கு வலி இரு பக்கமும் வரும் என்பதை அந்தப் பெயர் மறைத்துவிடுகிறது. அந்தப் பெயரைச் சொல்லுக்குச் சொல் படித்தவர் தந்த விடை சரியானதே.

எங்கள் பிரிவின் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். அதிலும் அதே கேள்வி, அதே சொல். அதை நீக்கிவிட்டு, ‘தலைவலி வந்து வேலையை விட்டுப் படுத்துக்கொண்டதுண்டா? அதற்கு முன் கண்ணில் மினுக்கமோ கோடோ தெரிந்ததுண்டா?’ என்று இரண்டு வரி சேர்த்திருக்கிறோம். மாத்திரை எழுதிக்கொடுத்த இடத்துக்கும் நோயாளியின் ஒப்புதலோடு ஒரு கடிதம் அனுப்பினோம். இதை எழுதும் வரை பதில் வரவில்லை.